கறையான் தின்னாத பதினோராம் பாடம்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே! இந்தக் குடியேற்றத்தின் முதலாம் வயலுக்கும், முன்வரிசைக் கதிரைக்கும், இன்று விழுந்த மாலைகளில் மிகப் பருத்த மாலைக்கும் உரியவராகிய திரு. மயில்வாகனம் அவர்களே! சென்ற ஆண்டு என்னைச் செயலாளர் பதவியில் இருந்து இறக்கி, இன்று இந்த மேடையில் ஏற்றிவிட்டிருக்கும் உங்கள் இரு கைகளுக்கும் முதல் வணக்கம்.

குடியேற்ற உத்தியோகத்தர் செல்வநாயகம் ஐயா அவர்களே! ஒட்டுசுட்டானில் பஸ்ஸைத் தவறவிட்டு, பாதி வழி நடந்து, புழுதியில் குளித்து வந்து சேர்ந்த பெரியோர்களே! பாய்களில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார் நடுவே இருந்து, இவர் எப்போது முடிப்பார் என்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் துணைவி கமலாசனி அவர்களே! மாமரத்தில் ஏறியிருந்து கேட்கும் வாலிபர்களே! கொப்பு முறிந்தால் சங்கம் பொறுப்பல்ல. உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்தி வணங்குகிறேன். தலை தாழ்த்துவது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பது ஊரறியும். சென்ற ஆண்டுதான் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பழகினேன். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் மதுவிலக்குச் சங்கத்துக்கு இன்று பத்து வயது. எனக்குத் தந்த தலைப்பு ‘மதுவின் தீமைகள்’. பத்து வருடமாக இதே தலைப்பு. ஒவ்வொரு வருடமும் நான் ஈரல் வெந்த கதை சொல்வேன், நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், தலைவர் நன்றி கூறுவார். ஆனால் இந்த வருடம் எனக்கு ஒரு புதுத் தகுதி வந்திருக்கிறது. என்மீது ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள்: ‘சங்கத்தின் முன்னாள் செயலாளர் வீரகத்தி என்பவர், குடி சம்பந்தமான அந்நிய மொழிச் சொற்களை மனப்பாடம் செய்து, வாய்க்கால் கட்டில் உரத்துச் சொல்லித் திரிகிறார். இது சங்கத்துக்கு இழுக்கு.’ கீழே கையெழுத்து இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒன்பது வருடம் கூட்டக் குறிப்புகளின் ஓரத்தில் நான் பார்த்துப் பழகிய எழுத்து. தலைவர் அவர்கள் ஏனோ மேல்துண்டைச் சரிசெய்கிறார். காற்று அதிகம் போலிருக்கிறது.

சபையோரே, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். கற்றேன். யப்பானிய மொழியில், அதுவும் கற்றோர் பேசும் உயர்ந்த யப்பானிய மொழியில், குடியைப் பற்றிய நாற்பத்து மூன்று சொற்கள் கற்றேன். ஏன் கற்றேன்? எதற்காகக் கற்றேன்? கற்று என்ன கண்டேன்? அதைச் சொல்ல முன், நாளைய காரியம் ஒன்றை நினைவூட்ட வேண்டும்.

நாளை காலை ஒன்பது மணிக்கு, இதே பாடசாலை முற்றத்தில், கோடைகாலச் சிறுபோக விதைப்புக் கூட்டம். எங்கள் வாய்க்காலில் இருபத்திரண்டு வயல்கள். முதலாவது தலைவருடையது. இருபத்தோராவது அடியேனுடையது. கடைசி, இருபத்திரண்டாவது, அதோ வேலியோரம் இருக்கிற தங்கை இராசமலருடையது. ஒவ்வொருவரும் தன் வயலுக்கு நேரே வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகை போடுகிறோம். பலகை போட்டால் தண்ணீர் அவர் வயலுக்குள் ஏறும், எடுத்தால் அடுத்தவருக்குப் போகும். போடத் தெரிகிற அளவுக்கு எடுக்கத் தெரிவதில்லை. இராசமலரின் வயல் இரண்டு சிறுபோகம் விதைக்காமல் கிடந்தது. மூன்றாவதும் கிடந்தால் அரசாங்கம் தந்த காணிப் பெர்மிற் பறிபோகும். சட்டம் அப்படி. செல்வநாயகம் ஐயா தலையாட்டுகிறார். புருசன் இறந்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்த மண்ணை வெட்டித் திருத்திய மனுசி, நாளை காலை எழுந்து நின்று, ‘விதைக்கிறன்’ என்று சொல்வதா, ‘விட்டிட்டன்’ என்று சொல்வதா? இதுதான் காரியம். இதை மனதில் வைத்துக்கொண்டு என் குடிகாரக் கதையைக் கேளுங்கள்.

நான் மலாயாவில் றெயில்வேக் கிளாக்கராக இருந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது என் குற்றமல்ல, வாரம் ஒரு தடவை சொல்லி வருகிறேன். யப்பான்காரன் வந்த காலத்தில் அவன் மொழி படித்தால்தான் வேலை என்றான். படித்தேன். அந்த மொழியில் கட்டளை கேட்டு, காட்டுக்குள் பாதை போட றெயிலேறிப் போய், திரும்பி வராத எங்கள் சனம் எத்தனையோ பேர். அந்தக் கதைக்கு இந்த மேடை போதாது. நான் உயிரோடு இருந்து படித்தவன், அவ்வளவுதான். பரீட்சையில் முதலாவதாக வந்தேன். பரிசாக ஒரு புத்தகம் தந்தார்கள், பதவி உயர்வை இரண்டாவதாக வந்தவனுக்குத் தந்தார்கள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ‘நீ ஏன் யப்பான் மொழி படித்தாய்?’ என்று கேட்டு என் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு போட்டான். யப்பான்காரன் என்னை வெள்ளைக்காரனின் ஆள் என்றான். வெள்ளைக்காரன் என்னை யப்பான்காரனின் ஆள் என்றான். இங்கே வந்தேன், தலைவர் என்னைக் குடிகாரன் என்கிறார். மூன்று அரசாங்கம் பார்த்தவன் நான், சபையோரே, மூன்றையும் மறக்கவில்லை.

போன வருடம் ஆனி மாதம். செல்வநாயகம் ஐயா என் படலையடியில் வந்து நின்றார். நாற்று நடுகை பற்றி அறிவுரை சொல்ல யப்பானில் இருந்து ஒரு பெரியவர் எங்கள் வாய்க்காலைப் பார்க்க வருகிறார், பெயர் மொறிக்காவா, பேராசிரியர், நரைத்த தலை, ஆங்கிலம் அரைகுறை, கொழும்பில் இருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார், இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, நீங்கள்தான் பேச வேண்டும் என்றார். இருபது வருடம் எவரும் கேட்காத என் யப்பான் மொழியைக் கேட்டு ஒருவர் படலைக்கு வந்திருக்கிறார். நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சுக்குள் ஒரு பயமும் ஏறியது. ஏன் தெரியுமா? எனக்கு நாவில் நின்றது புகையிரத முற்றத்துப் பேச்சு. ‘ஏய் நில்! ஏற்று! எத்தனை பெட்டி? ஓடு!’ பேராசிரியர் ஒருவரை வாய்க்கால் கட்டில் நிறுத்தி ‘ஏய் ஓடு’ என்று வரவேற்க முடியுமா? மரியாதை மொழி வேண்டும். மரியாதை மொழி முழுவதும் அந்தப் பரிசுப் புத்தகத்தில் இருந்தது. பன்னிரண்டு பாடம். வணக்கம், பயணம், பயிர், கடிதம், எல்லாம் உண்டு.

ஓடிப்போய் றங்குப்பெட்டியைத் திறந்தேன். கறையான்.

முதலாம் பாடத்தில் இருந்து பத்தாம் பாடம் வரை தூள். பன்னிரண்டாம் பாடம் சல்லடை. நடுவே ஒரே ஒரு பாடம், பதினோராம் பாடம், அச்சடித்த அன்று போல அப்படியே கிடந்தது. என்ன பாடம்? ‘மது விருந்தில் வழங்கும் சொற்களும் மரபுகளும்.’

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வன்னிக் கறையான், சபையோரே, எங்கள் சங்கத்தில் சேராமலே சங்க விதியைக் காப்பாற்றியிருக்கிறது. வணக்கத்தைத் தின்றது, வயலைத் தின்றது, குடியை மாத்திரம் வாயிலும் வைக்கவில்லை.

வேறு வழி என்ன? எட்டு நாள். பதினோராம் பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டில் நடந்தேன். கூவிக் கூவிக் கற்றேன். அப்பப்பா, என்ன மொழி! என்ன நுணுக்கம்! நாங்கள் குடித்தவனைக் குடிகாரன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அவர்களோ? குடிக்க உடம்பு இடங்கொடாதவனுக்கு ஒரு சொல், கெக்கோ. எவ்வளவு ஊற்றினாலும் அசையாமல் இருப்பவனுக்கு ஒரு சொல். குடித்தால் சிரிப்பவன் ஒருவன், குடித்தால் அழுபவன் ஒருவன், குடித்தால் கோபிப்பவன் ஒருவன், மூவருக்கும் மூன்று பெயர். இதை வீட்டில் வாசித்தபோது கமலாசனி குசினிக்குள் இருந்து, “இஞ்சாருங்கோ, அந்த மூண்டாவது ஆளுக்குக் குடிக்காமலே அப்பிடி இருந்தால் என்ன பேராம்?” என்று கேட்டா. புத்தகத்தில் அதற்குச் சொல் இல்லை என்றேன். “அப்ப அந்தப் பேராசிரியர் வந்து உங்களைப் பார்த்திட்டு ஒண்டு எழுதட்டும்” என்றா. தாய்மார் பக்கம் கைதட்டுகிறது. தட்டுங்கள், வீட்டில் எனக்குக் கிடைக்கும் நீதி இதுதான்.

சொற்களைவிட மரபு பெரிது. பதினோராம் பாடம் மூன்றாம் பக்கம். யப்பானிய விருந்தில் தன் கிண்ணத்தில் தானே ஊற்றுவது அழகல்ல. பக்கத்தில் இருப்பவருக்கு நீ ஊற்ற வேண்டும். உனக்கு அவர் ஊற்றுவார். அப்படிப் பிறருக்கு ஊற்றுவதற்கு ஒஷாக்கு என்று பெயர். தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதற்கு தெஜாக்கு என்று பெயர். அது ஒற்றையாய் இருப்பவன் செய்கை. இன்னும் ஒன்று. வெறுங்கிண்ணம் கண்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். போதும் என்றால் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, கிண்ணத்தை நிறைந்தபடி விட்டுவிட வேண்டும். நிறைந்த கிண்ணம் போதும் என்று பேசும்.

நான் வாய்க்கால் கட்டில் சொல்லிக்கொண்டு போன சொற்கள் இவைதாம். இடையில் தலைவரின் வயல் வரும். அவருடைய காதில் விழுந்தது. முறைப்பாடு பிறந்தது.

விருந்தினர் வந்தார். முல்லைத்தீவில் இருந்து ஜீப் ஓட்டி வந்தவர் லோறன்ஸ், கரையோரத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளை, வாய் சும்மா இராது. இறங்கியதும் என் காதில், “கிளாக்கர் அண்ணை, வழி முழுக்க ஐயா ஒரு சொல்லும் பறையேல்லை. நானும் சுறா, திருக்கை எண்டு மீன் பேரெல்லாம் சொல்லிப் பார்த்திட்டன்” என்றார். நான் முன்னே போய் இடுப்புவரை குனிந்து வணங்கி, மனப்பாடம் செய்திருந்த வரவேற்பைச் சொன்னேன். அந்தப் பாடத்தில் இருந்த ஒரே வரவேற்பு அதுதான்: ‘இந்த எளிய குடியரங்கில் தங்கள் கிண்ணம் வற்றாதிருக்கட்டும்.’ பேராசிரியர் சுற்றிப் பார்த்தார். காலை எட்டரை மணி. வெயில். ஒரு பக்கம் மாடு, ஒரு பக்கம் மதுவிலக்குச் சங்கத்தின் பதாகை. மெல்லத் தலை தாழ்த்தினார். பண்பாளர்.

வாய்க்கால் வழியே நடந்தோம். முதலில் தலைவரின் வயல். பயிர் முழங்காலளவு தண்ணீரில் நின்றது. அடித்தாள் மஞ்சளித்து, வரம்பு கசிந்து, தவளைகள் குடும்பத்தோடு குடியிருந்தன. தண்ணீர் அளவுக்கு மீறி நிற்கிறது என்று சொல்ல வேண்டும். வயலைப் பற்றிய சொற்களைக் கறையான் கொண்டுபோய்விட்டது. என்ன செய்வேன்? குனிந்தேன். மரியாதையோடு சொன்னேன்: ‘இந்த வயல் தெய்சுய்.’ தெய்சுய் என்றால் சேறாகிக் கிடக்கும் குடிவெறி. பேராசிரியர் என்னைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தார், சபையோரே, தோள் குலுங்கச் சிரித்தார். ‘இரண்டாம் நாள் வெறியோ?’ என்று அதே பாடத்துச் சொல்லால் திருப்பிக் கேட்டார். ‘இருபதாம் நாள், ஐயா’ என்றேன்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. “என்ன காணும் சொல்லுறார்?” என்று கேட்டார். “உங்கடை வயல் நல்லா நிறைஞ்சிருக்காம்” என்றேன். அதில் பொய் இல்லை. தலைவர் மகிழ்ந்தார். இதோ, இப்போது மகிழவில்லை.

அன்று அந்த வாய்க்கால் முழுவதையும் நாங்கள் இருவரும் குடியின் மொழியிலேயே பேசித் தீர்த்தோம். மணல் கலந்த நிலம், ஊற்ற ஊற்ற அசையாமல் இருப்பவன். களிமண் நிலம், கெக்கோ. என் வயலுக்கு வந்தபோது, அளவாகக் குடிப்பவன் என்று கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொண்டேன். கடைசியில் இராசமலரின் வயல். மண் வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடந்தது. வெடிப்புக்குள் கை நுழையும். அந்த மனுசி மண்வெட்டியோடு வரம்பில் நின்றா. பேராசிரியர் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். ‘இது கெக்கோவா?’ என்று கேட்டார். ‘இல்லை, ஐயா. இந்த வயல் குடிக்கும். காத்துக்கொண்டிருக்கிறது’ என்றேன். அப்போது அவர் கேட்டார்: ‘அப்படியென்றால், இதற்கு ஊற்றுவது யார்?’

நான் கையை நீட்டினேன். எந்தத் திசையில் நீட்டினேன் என்று நான் சொல்ல வேண்டுமா? இருபது வயலுக்கு அப்பால், முதலாம் வயலை நோக்கி, என் விரல் நீண்ட நீளத்துக்கு நீட்டினேன். பேராசிரியர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்தார். வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலுக்குக் கண் கூசுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் இதே பாடசாலை மண்டபத்தில் விருந்து. மதுவிலக்குச் சங்க விருந்து, ஆகவே மோர். பச்சை மிளகாயும் வெங்காயமும் வெட்டிப்போட்ட மோர். பந்தியில் ஆளுக்கொரு ரம்ளர், இருவருக்கு ஒரு செம்பு. எங்கள் வழக்கம் என்ன? தண்ணீரோ மோரோ செம்பில் வைத்துவிட்டால் அவரவர் எடுத்து ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான். ஆனால் விருந்தினர் ஒருவர் தன் கையால் ஊற்றித் தந்தால்? ஒரு துளி மிச்சம் விட்டால் அவருக்கு அவமரியாதை. அவர் வழக்கமோ, வெறும் ரம்ளரைக் கண்டால் ஊற்றாமல் இருப்பது அவமரியாதை. இரண்டு மரியாதைகளும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டன.

பேராசிரியர் தலைவருக்கு ஊற்றினார். தலைவர் அண்ணாந்து குடித்து முடித்தார். பேராசிரியர் ஊற்றினார். தலைவர் முடித்தார். ஊற்றினார். முடித்தார். நான்காவது ரம்ளரில் தலைவரின் நெற்றி வேர்த்தது. ஐந்தாவதில் இடுப்பு வேட்டி தளர்ந்தது. பந்தியின் கோடியில் இருந்த லோறன்ஸ், “அண்ணை, தலைவர் இண்டைக்குக் குளத்தையே வத்தப்பண்ணிப் போடுவார் போலை கிடக்கு” என்றார். ஆறாவதில் தலைவர் என் பக்கம் சரிந்து, “கிளாக்கர், இந்தாள் எப்ப காணும் நிப்பாட்டும்? ஒருக்காக் கேளும்” என்றார். மூன்றாம் பக்கம் எனக்குத் தெரியும். கிண்ணத்தை நிறைந்தபடி விடுங்கள், நீங்களும் அவருக்கு ஊற்றுங்கள். இரண்டு வசனம். இரண்டே வசனம். சொன்னேனா? “உங்களிலை அவருக்கு நல்ல விருப்பம், குடியுங்கோ” என்றேன். எட்டு ரம்ளர், சபையோரே. நான் எண்ணினேன். செயலாளர் பதவி போன நாளில் இருந்து அப்படி ஒரு ருசியான சாப்பாடு நான் சாப்பிடவில்லை.

சிரித்து முடித்துவிட்டீர்களா? இருபதாம் வயல் ஐயாத்துரை இன்னும் முடிக்கவில்லை. சிரியும், ஐயாத்துரை, உமக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

ஏனென்றால், அந்த எட்டு ரம்ளரை எண்ணிக்கொண்டிருந்த என் கண் இன்னொன்றைக் காணவில்லை. பேராசிரியரின் ரம்ளர். உட்கார்ந்த நேரம் முதல் அது வெறுமையாகவே இருந்தது. ஆனி மாத வெயிலில் இருபத்திரண்டு வயல் நடந்துவந்த முதியவர். தனக்குத் தானே ஊற்றுவது அவர் வழக்கமல்ல. ஊற்றுவார் எவருமில்லை. கைக்கெட்டிய தூரத்தில் செம்பை வைத்துக்கொண்டு தாகத்தோடு இருந்தார். அந்த மண்டபத்தில் இதை அறிந்திருக்க வேண்டியவன் ஒருவன்தான். நாற்பத்து மூன்று சொல்லும் மூன்றாம் பக்கமும் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் அப்போது பகையைப் பரிமாறிக்கொண்டிருந்தான்.

இராசமலர் பொரியல் பரிமாறிக்கொண்டு வந்தா. இலைக்கு முன்னால் நின்றா. “கிளாக்கர் அண்ணை, அந்த ஐயாவின்ரை ரம்ளர் வந்ததிலையிருந்து காய்ஞ்சு கிடக்கு. ஏன் ஒருதரும் வாக்கேல்லை?” என்று கேட்டா. நான் வாய் திறக்க முன் சட்டியை வைத்துவிட்டுச் செம்பை எடுத்து வார்த்தா. பேராசிரியர் இரண்டு கையாலும் ரம்ளரைப் பிடித்தார். தலை தாழ்த்தினார், நான் காலையில் தாழ்த்தியதைவிடத் தாழ்த்தினார். நிறுத்தாமல் குடித்தார். பிறகு செம்பை வாங்கி, ஒரு ரம்ளரில் வார்த்து அவவிடம் நீட்டினார். அவ திரும்பி நின்று குடித்தா. அப்போது பேராசிரியர் என்னிடம் ஒரு வசனம் சொன்னார். “என்ன அண்ணை சொல்லுறார்?” என்று இராசமலர் கேட்டா. “மோர் நல்லாயிருக்காம்” என்று மொழிபெயர்த்தேன்.

அது பொய். ஒன்பது மாதம் கழித்து, இத்தனை பேர் முன்னிலையில், அந்த மொழிபெயர்ப்பைத் திருத்துகிறேன். கேள், தங்கச்சி. அவர் சொன்னது: ‘இந்த அம்மா யப்பானிய மொழியை எங்கே கற்றார்?’

நாற்பத்து மூன்று சொல் கற்ற நான் ஊற்றவில்லை. ஒரு சொல்லும் கல்லாத அவ ஊற்றினா. பரீட்சையில் முதலாவதாக வந்தவன் நான். எந்தப் பரீட்சையில்? புத்தகம் யார் கையில் இருந்தது? மொழி யார் கையில் இருந்தது?

இன்னும் இருக்கிறது. ஜீப் போன பிறகு, பின்னேரம், நான் வரம்பில் நின்று பேராசிரியரின் கேள்வியை இராசமலருக்குச் சொன்னேன். உன் வயலுக்கு ஊற்றுவது யார் என்று கேட்டார், நான் மயில்வாகனத்தாரைக் காட்டினேன் என்று பெருமையாகச் சொன்னேன்.  அவ மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னா:

“மயில்வாகனத்தார் திறந்தாலும், தண்ணி உங்கடை பலகையைத் தாண்டி இஞ்சாலை வருமே, அண்ணை?”

சபையோரே, என் பலகை. இருபத்திரண்டாம் வயலுக்கு நேர் மேலே இருப்பது இருபத்தோராம் வயல். பேராசிரியர் பார்த்தது அதைத்தான். வெயிலுக்கு அவர் கண் கூசவில்லை. கண் கூசியது அவருக்கல்ல. முதலாம் வயல் எடுத்ததைக் கண்ட என் கண், கடைசியில் வந்த கொஞ்சத்தையும் நான் மறித்ததைக் காணவில்லை. முதலாம் ஆள் தெஜாக்கு, ஊர் முழுக்கச் சொன்னேன். இருபத்தோராம் ஆளும் தெஜாக்கு. அதை எவருக்கும் சொல்லவில்லை. அன்று இராசமலருக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? தலைவரின் குற்றங்களை ஒரு மணி நேரம் எடுத்துரைத்தேன். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனா. அந்தச் சிறுபோகமும் வயல் காய்ந்தது. நானோ அறுவடை செய்தேன். அந்த அரிசிதான் இன்றுவரை உண்கிறேன்.

பத்து வருடமாக இந்த மேடையில் கள்ளின் வெறியைப் பேசினோம். தண்ணீரின் வெறியைப் பேசினோமா? ஒரு துளி கள் நாவில் படாமல் ஒரு வாய்க்காலே வெறித்துக் கிடக்கிறதே, அதைப் பேசினோமா? தன் வயல் நிறைந்த பிறகும் பலகையை எடுக்க மனம் வராத வெறி, பக்கத்து வயல் வெடிப்பதைப் பார்த்துக்கொண்டு படுத்துறங்கும் வெறி, இதற்கு எந்தச் சங்கம்? எந்தச் சத்தியப்பிரமாணம்?

இதோ. மேசைக்குக் கீழே சாக்கில் சுற்றி நான் கொண்டுவந்ததைப் போத்தல் என்று முன்வரிசையில் சிலர் சந்தேகப்பட்டீர்கள். கண்டேன். அவிழ்க்கிறேன். பாருங்கள். பாலை மரப் பலகை. இருபத்தோராம் வயலின் குறுக்குப் பலகை. இன்றுமுதல் இது என் வீட்டில் இராது. கமலாசனி, எழுந்து வந்து வாங்கி, இராசமலரின் கையில் கொடும். இனி என் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் நான் அவவிடம் போய்க் கேட்பேன். அவ வந்து பலகை போடட்டும், போதும் என்று கண்டதும் எடுக்கட்டும். எனக்கு ஊற்றுவது அவ. நான் ஊற்றப்போவது ஐயாத்துரைக்கு. இருபதாம் வயலின் பலகை என் கையில் வரவேண்டும். ஐயாத்துரை, இப்போது ஏன் சிரிப்பை நிறுத்தினீர்? உம்முடைய கைக்குப் பத்தொன்பதாம் வயலின் பலகை வரும். இப்படியே மேலே, மேலே, வயலுக்கு வயல், கைக்குக் கை, ஒவ்வொருவர் பலகையும் அவருக்குக் கீழே இருப்பவர் கையில். சின்னராசாவின் வயல் இரண்டாவது. அவர் கையில் வரவேண்டிய பலகை எது என்று சொல்லத் தேவையில்லை. இப்படி நடந்தால் தண்ணீர் கடைசிவரை போகாமல் எங்கே போகும்?

தலைவர் அவர்களே, உங்களிடம் ஒரு சொல். பதினோராம் பாடத்தின் நாற்பத்து மூன்றாவது, கடைசிச் சொல். குடிக்காதவன் விருந்தில் என்ன சொல்லி மறுக்க வேண்டும்? நான் உத்தமன், தொடமாட்டேன் என்று சொல்வதில்லை. ‘புச்சோஹோ’ என்கிறான். ‘எனக்கு அது கைவராது, மன்னியுங்கள்’ என்று பொருள். குறையைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். பத்து வருடம் குடிக்காதவனாய் இருந்தேன், அந்தப் பணிவு ஒரு நாளும் என் வாயில் வந்ததில்லை. இன்று வருகிறது. மன்னிப்பதில் நான் புச்சோஹோ, தலைவரே. செயலாளர் பதவியை நான் மறக்கவில்லை. முறைப்பாட்டையும் மறக்கப்போவதில்லை. அந்த எட்டு ரம்ளரை நீங்களும் மறக்க வேண்டாம். இருவரும் பகைத்தபடியே இருப்போம். ஆனால் பகை எங்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும், வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்க வேண்டாம்.

இதோ மேசையில் செம்பு இருக்கிறது. இரண்டு ரம்ளர் இருக்கிறது. பேசிப் பேசி என் தொண்டை இராசமலரின் வயலாகிவிட்டது. ஆனாலும் என் ரம்ளரை நான் நிரப்பப்போவதில்லை. உங்களுடையதை நிரப்புகிறேன். நிரப்பிவிட்டேன். பச்சைத் தண்ணீர்தான், பயப்படாதீர்கள். நான் காத்திருக்கிறேன்.

வாலிபர்களே, சத்தம் வேண்டாம்.

தலைவர் ரம்ளரைப் பார்க்கிறார். இராசமலரின் மடியில் இருக்கும் பலகையைப் பார்க்கிறார். எழுகிறார். செம்பை எடுக்கிறார். வவுனியாவில் இருந்து வந்த ஒலிபெருக்கி என் பக்கம் இருப்பதால், அவர் சொல்வதைப் பின்வரிசைக்காக நான் எடுத்துச் சொல்கிறேன். அவர் சொன்னபடியே சொல்கிறேன், இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை விடமாட்டேன்: “குடியும் காணும், செத்துக் கித்துப் போகப்போறீர். பலகை என்ரை வீட்டுக் கோடிக்குள்ளை கிடக்கு. நான் தூக்கிக்கொண்டு வரமாட்டன். சின்னராசா வேணுமெண்டால் விடியக் கூட்டத்துக்கு வரேக்கை வந்து எடுக்கட்டும்.”

சின்னராசா, கேட்டதா? எட்டரைக்குப் போம். ஒன்பதுக்குக் கூட்டம். தங்கச்சி இராசமலர், விதைநெல்லை இன்று இரவே ஊறப்போடு.

தலைவர் ஊற்றியதைக் குடித்துவிட்டேன். அவர் மறுபடியும் ஊற்றிவிட்டார். எட்டு ரம்ளருக்குப் பழிவாங்கும் எண்ணம் கண்ணில் தெரிகிறது. ஆனால் மூன்றாம் பக்கம் எனக்குத் தெரியுமே. இந்த ரம்ளரை நிறைந்தபடியே மேசையில் வைக்கிறேன். சங்கத்தாருக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும், பத்துப் பாடத்தைத் தின்று ஒரு பாடத்தை எனக்காக விட்டுவைத்த கறையானுக்கும் என் நன்றி. போதும் என்பதை இனி இந்த ரம்ளர் சொல்லட்டும். வணக்கம்.